வெள்ளிக்கிழமை குளத்தில் தண்ணீர் இருக்காது

மே 6, திங்கள்

மறுபடியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு நாட்குறிப்பு எதற்கு என்று யாராவது கேட்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்?

காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை தண்ணீர்க் கம்பெனிக்காகத் தொலைபேசியில் திட்டு வாங்குவது என் வேலை. பில் ஏன் இவ்வளவு வந்தது, தெருக்குழாய் உடைந்து இரண்டு நாளாயிற்றே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் "புரிகிறது ஐயா" என்பேன். கொரோனா சமயத்தில் ஆபீசை மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. இப்போது சமையலறை மேசைதான் ஆபீஸ். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரென்று கேட்டால் கார் ஷெட் கதவு ஏறி இறங்கும் சத்தத்தைத்தான் சொல்வேன்.

முழங்கால் வலிக்கு நீந்தச் சொன்னார் டாக்டர். அதனால்தான் கடல்குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். மேட்டு மேலே ஆஸ்பத்திரி, கீழே பாறையை வெட்டிக் கட்டிய குளம், அலை அடித்தால் மேலே வந்து கொட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் நகராட்சி ஆட்கள் தண்ணீரை வடித்துவிட்டுப் பாசியைச் சுரண்டுவார்கள், அன்றைக்கு ஒருவரும் போக மாட்டோம். மற்ற நாளெல்லாம் விடிந்ததும் நாலு பேர். நீந்தி முடித்துக் கரைபெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்போம். முழங்கால் எப்போதோ சரியாகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் போகிறேன் என்று இங்கே எழுதலாம், வெளியே சொல்ல மாட்டேன்.

மே 9, வியாழன்

தண்ணீர் பதினெட்டு டிகிரி. கரித்துக்கொட்டிக்கொண்டே இறங்கினேன்.

மே 13, திங்கள்

எங்கள் நாலு பேரில் யாருக்கும் யாருடைய பெயரும் தெரியாது. எல்லாம் குளத்தில் வைத்த பெயர். ஆறடிக்கு மேலே வளர்ந்த பழைய தீயணைப்புக்காரர் பொடியன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இப்போது எத்தனை சுற்று நீந்தினோம் என்று சத்தமாக எண்ணுகிறவள் கணக்கு. நான் ஹலோ. அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் ஃப்ளாஸ்க். அவர் எப்போதும் ஒரு பெரிய எஃகு ஃப்ளாஸ்க்கோடு வருவதால் அவருக்கு அந்தப் பெயர். அதில் அவருடைய ஊர் மலையில் விளையும் ஏதோ மூலிகையைப் போட்ட மஞ்சள் டீ இருக்கும், மாசிடோனியாவிலிருந்து அவர் அக்கா அனுப்புவாளாம். வைக்கோலைக் கொதிக்க வைத்த மாதிரி இருக்கும். தினமும் குறை சொல்லிக்கொண்டே குடிப்பேன்.

எஃகு ஆலையில் நாற்பது வருடம் இருந்த மனிதர். எழுபத்தெட்டு வயது. அவ்வளவுதான் தெரியும். இங்கே யாரும் யாரையும் தோண்டிக் கேட்பதில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வோம், கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

மே 16, வியாழன்

காலையில் ஃப்ளாஸ்க்கோடு சண்டை.

தண்ணீரிலிருந்து ஏறி நான் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றவர், "ஏம்மா ஹலோ, உன் முதுகுல ஒரு மச்சம் இருக்கே, அது போன மாசம் இவ்ளோ பெருசா இல்லையே" என்றார். எல்லார் முன்னாலும்! என் முதுகை மாதாமாதம் அளந்து பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். பொடியன் விழுந்து விழுந்து சிரித்தார். ஃப்ளாஸ்க் சிரிக்கவில்லை.

"ஆலையில என் கூட்டாளிக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஓரம் பிசிறு பிசிறா, கறுப்பா. அவன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிப் பார்த்தா. நீ போய்க் காட்டிடு."

என் வேலையை நான் பார்த்துக்கொள்வேன் என்று டீயைக் கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் இரண்டு கண்ணாடியை வைத்து முதுகைப் பார்க்க முயன்றேன். கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை.

மே 19, ஞாயிறு

பெர்த்திலிருந்து மகள் ப்ரீ கூப்பிட்டாள். ஞாயிறுதோறும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுவோம். அம்மா நல்லா இருக்கே என்றாள். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. முதுகை யார் பார்த்தார்கள்? அவள் அப்பன் இந்த வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம். அதற்குப் பிறகு என் முதுகைப் பார்த்த ஒரே ஆள் அந்தக் கிழவர்தான் போலிருக்கிறது.

மே 28, செவ்வாய்

போய்க் காட்டினேன். டாக்டர் பெண் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். முதலில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு துண்டு வெட்டி எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஜூன் 3, திங்கள்

தோல் புற்று. கெட்ட ரகம்தான். ஆனால் இன்னும் ஆழமாக இறங்கவில்லை, சுற்றிலும் பெரிதாக வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்கிறாள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம், யார் கவனித்தது, கணவரா, என்று கேட்டாள்.

இல்லை, கூடக் குளிக்கிறவர் என்றேன். அவள் பார்த்த பார்வை!

புதன்கிழமை வெட்டுகிறார்கள். ப்ரீயிடம் சொல்லவில்லை. குளத்துக்கும் போகவில்லை. அந்தக் கிழவரைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அது எனக்குப் பிடிக்காது. காயம் ஆறட்டும், போய் நல்ல செய்தியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12, புதன்

தையல் இழுக்கிறது. உப்புத்தண்ணீர் படக்கூடாதாம். முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து திட்டு வாங்குகிறேன். இத்தனை பேர் பேசுகிறார்கள், ஒருத்தருக்காவது நான் கோணலாக உட்கார்ந்திருப்பது தெரியுமா? பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

ஜூன் 26, புதன்

குளத்துக்குப் போனேன். தையல் பிரித்துவிட்டார்கள், டாக்டர் சரி என்றுவிட்டாள். என் மஞ்சள் நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "காட்டிட்டேன்யா, நீங்க சொன்னதுதான் சரி, இப்ப டீயை ஊத்துங்க." அவ்வளவுதான், அழுகை கிழுகை இல்லாமல்.

ஃப்ளாஸ்க் இல்லை.

வடக்கே போய்விட்டார் என்றார் பொடியன். அதில் ஆச்சரியமில்லை. ஜூனில் குளிர் வந்தால் இந்த ஊர் வயசாளிகள் வீடு மாதிரி இருக்கும் கேரவன் வண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு வெயில் அடிக்கிற குவீன்ஸ்லாந்துப் பக்கம் போய்விடுவார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒரு நாள் ஆள் இருக்காது, செப்டம்பரில் வெயிலில் கறுத்து, தொப்பை வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஃப்ளாஸ்க்கும் வருடாவருடம் போகிறேன் போகிறேன் என்பார், போனதில்லை. இந்த வருடம் போய்விட்டார்.

கணக்கு சொன்னாள், நான் வராத நாளெல்லாம் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைப்பாராம். நான் வரவில்லை என்று தெரிந்ததும் அதையும் தானே குடிப்பாராம். "அவளை நான்தான் பயமுறுத்திட்டேன், அதான் வரலை"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம்.

நீங்கள் இரண்டு பேரும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "நீ பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன்னு நெனச்சோம்" என்றார் பொடியன். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

தண்ணீர் பதினாறு. கை மரத்துப் போகிறது. பெஞ்சில் மூன்று பேரும் துண்டுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சூடாக ஒன்றும் இல்லை. ஒரு ஃப்ளாஸ்க் வாங்கி டீ போட்டு எடுத்து வர எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

ஜூலை 11, வியாழன்

எனக்குக் கோபமாக இருக்கிறது. நான் வராத பத்து நாளில் அவ்வளவு வருத்தப்பட்ட மனுஷன், கிளம்பும்போது கணக்கிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? அவளிடம் சொல், முதுகைக் காட்டச் சொல், என்று. அங்கே வெயிலில் மல்லாந்து படுத்துக்கொண்டிருப்பார். படுக்கட்டும். செப்டம்பரில் வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 17, புதன்

என் பின்னாலிருந்து கணக்கு, தழும்பு பெரிசா இருக்கே என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மரியாதை!

ஜூலை 23, செவ்வாய்

பொடியனுக்குத் தெரிந்த யாரோ வடக்கே மேக்கே பக்கம் கேரவன்களை நிறுத்துகிற இடத்தில் ஃப்ளாஸ்க்கைப் பார்த்ததாகச் சொன்னானாம். நிஜமாகவா என்று மூன்று முறை கேட்டேன். "அவரை மாதிரியே இருந்துச்சாம், கையில ஃப்ளாஸ்க்கு இருந்துச்சாம்" என்கிறார். அங்கே போகிற கிழவர் எல்லாருடைய கையிலும் ஃப்ளாஸ்க் இருக்குமே.

இந்தக் கோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உள்ள ஒவ்வொரு வீட்டின் விலாசமும் என் திரையில் இருக்கிறது. தேடினால் வேலை போய்விடும். போனால் போகிறது என்று மத்தியானம் விரலைக்கூட வைத்துவிட்டேன். பெயர் கேட்டது. என்ன பெயரைப் போடுவது? ஃப்ளாஸ்க் என்றா? நான்கு வருடம் ஒரு மனிதரின் கையால் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன். பெயர் தெரியவில்லை. திரையை மூடிவிட்டு அடுத்த ஆளிடம் "புரிகிறது அம்மா" என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பெரிய அலை. யாரும் இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

காலையில் நாங்கள் ஏறி வந்தபோது பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், கறுப்புக் கோட்டு. மடியில் அந்த ஃப்ளாஸ்க். பக்கத்தில் அடிபட்டு நசுங்கிய இடம் எனக்குத் தெரியும், அவருடையதுதான்.

"உங்கள்ல ஹலோங்கறது யாரு?" என்று கேட்டாள்.

கை தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

அவருடைய அண்ணன் மகள். பெயர் ஸ்லாவிட்சா. அவர் வடக்கே போகவே இல்லை. ஜூன் மாதம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு விழுந்திருக்கிறார். அவரைச் சேர்த்தது — எழுதக் கை வரவில்லை — மேட்டு மேலே இருக்கிற ஆஸ்பத்திரியில். குளத்திலிருந்து தலையைத் தூக்கினால் தெரியுமே, அந்த ஜன்னல்கள்! இத்தனை நாளும் மல்லாந்து நீந்தும்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல்கள்தான். ஆகஸ்ட் ஆறாம் தேதி போய்விட்டார். அடக்கமும் ஆகிவிட்டது.

கேரவனை அவர் மனைவி இறந்த வருடமே விற்றுவிட்டாராம்.

பொடியன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கணக்கு அந்தப் பெண்ணிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று கோபமாகவே கேட்டாள். அவள் கோபப்படவில்லை. சிட்னியில் உணவு விடுதியில் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை, அன்றைக்குத்தான் சித்தப்பாவைப் பார்க்க வருவாளாம். இரண்டு தடவை விடியற்காலையில் கீழே இறங்கி வந்திருக்கிறாள், எங்களைத் தேடி.

"ரெண்டு தடவையும் குளத்துல தண்ணியே இல்லைங்க. பாசி சுரண்டற ஆளுங்க மட்டும் இருந்தாங்க. அவங்ககிட்ட யாருன்னு சொல்லிக் கேக்கறது? ஹலோ வந்தாங்களான்னா?"

வெள்ளிக்கிழமை. அவளுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நர்சுகளிடம் சொல்லி அனுப்பலாமே என்றதற்கு, அவர் வேண்டாம் என்றுவிட்டாராம், ஈரத்தோடு மேட்டில் ஏறி வந்தால் சளி பிடிக்கும், குளிக்கட்டும் விடு என்றாராம். வீட்டிலிருந்து பைனாகுலரை மட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் ஜன்னல் பக்கம் சாய்த்து உட்கார வைக்கச் சொல்வாராம். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது, தொப்பிதான் தெரியும்.

"மஞ்சள் தொப்பி வரலை, மஞ்சள் தொப்பி வரலைன்னு தினம் சொல்லிட்டிருந்தாரு. அப்புறம் ஒரு புதன்கிழமை எனக்குப் போன் பண்ணினாரு. அவ வந்துட்டா, அப்படின்னாரு. மூச்சு வாங்குது, ஆனாலும் சிரிக்கிறாரு. அன்னிக்கு ரெண்டு கரண்டி சூப் குடிச்சாருன்னு நர்சு சொன்னாங்க. நீங்கதானே அது?"

நான்தான் அது. ஜூன் இருபத்தாறு. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேனே, அன்றைக்கு.

ஃப்ளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டாள். கொடுக்கச் சொன்னாராம். உள்ளே காலி.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் மேலேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மல்லாந்து கிடந்தேனே, ஐயோ, கையை ஆட்டியிருக்கலாமே, சும்மா ஒரு தடவை, யாருக்கோ ஆட்டுகிற மாதிரி!

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ப்ரீ கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், மச்சத்திலிருந்து. மறைத்ததற்குக் கத்தினாள், பிறகு அழுதாள். "யாரும்மா அந்த ஆளு, உனக்கு என்ன வேணும்?" என்றாள். என்ன வேண்டும்? சொந்தமில்லை. சிநேகிதர் என்று சொல்லும் அளவுக்கு நான் அவரைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கூடக் குளிக்கிறவர் என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

செப்டம்பர் 14, சனி

இன்று நாற்பதாம் நாள். அவர்கள் வழக்கப்படி கல்லறைக்குப் போகிற நாள். ஸ்லாவிட்சா கூப்பிட்டிருந்தாள், மூன்று பேரும் போனோம். பொடியனைச் சட்டையும் டையுமாக முதல் முறை பார்த்தேன், அடையாளமே தெரியவில்லை. துணி உடுத்திய நிலையில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லையே.

கல்லறை மேலேயே துணி விரித்து ரொட்டி, சீஸ், வறுத்த மிளகாய், சர்க்கரை போட்ட அவித்த கோதுமை எல்லாம் பரப்பியிருந்தார்கள். வந்தவர் எல்லாரும் செத்தவருக்காக ஒரு வாய் சாப்பிட வேண்டுமாம். கல்லில் பெயர் பொறிக்கவில்லை, மரச்சிலுவையில் எழுதியிருந்தது. த்ராய்கோ வெல்கோவ்ஸ்கி. இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஃப்ளாஸ்க் என்றுதான் வந்தது.

அங்கிருந்த ஒரு கிழவி எங்கள் பெயரைக் கேட்டாள், கோதுமை கொடுக்கும்போது பெயர் சொல்லி வாங்க வேண்டுமாம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லெஸ்லி என்றார் பொடியன். நெரிடா என்றாள் கணக்கு. நான் ரோண்டா என்றேன். பொடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரோண்டாவா நீ? அந்த மூஞ்சியே இல்லியே" என்றார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கோதுமை இனிப்பாக இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வடக்கே போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கறுத்துப்போன ஒருவர் பெஞ்சுப் பக்கம் வந்து, எங்கே அந்த டீக்காரர், இன்னும் வரவில்லையா என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து, ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டோம். கடைசியில் பொடியன்தான் சொன்னார்.

அக்டோபர் 4, வெள்ளி

தண்ணீர் இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். யாராவது எங்களைத் தேடி வந்தால் பெஞ்ச் காலியாக இருக்கக்கூடாது. பாசி சுரண்டுகிற பையன்களுக்கு ஆளுக்கொரு கோப்பை ஊற்றினேன். ஸ்லாவிட்சா மூலிகை அனுப்பியிருந்தாள், எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டேன். ஒருத்தன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். இது என்ன, வைக்கோலா என்றான்.

அக்டோபர் 14, திங்கள்

தண்ணீர் பதினெட்டுக்கு வந்துவிட்டது. கணக்கு எண்ணியபடி நீந்தினோம். நடுவில் ஒரு தரம் மல்லாந்து, மேட்டுப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினேன். அங்கே யார் படுத்திருக்கிறார்களோ, யாராக இருந்தால் என்ன.

உடை மாற்றும் அறையில் கணக்கு மட்டும் இருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்கிறாள், நடுவில் யார் பார்ப்பது? பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நெரிடா, என் முதுகைக் கொஞ்சம் பாரேன். புதுசா ஏதாவது இருக்கா?"

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. தழும்பின் மேல் ஒரு நிமிடம் நின்றது.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

நன்றி என்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வெளியே பொடியன் டீ ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு நீச்சலுடையின் தோள்வாரைத் தளர்த்திவிட்டு, சுவர் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

"எனக்கும் பாரு" என்றாள். "பதினோரு வருஷமாச்சு யாரும் பார்த்து."